குரலின் எச்சில்

மேலச்செவல்புரத்து மாவு மில்லில் சிதம்பரவடிவின் இயர்போனில் எச்சில் ஊறத் தொடங்கியது ஒரு மார்கழி மாதம். ஊரே பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் குந்தியிருந்த முற்பகல் நேரத்தில், இடது காதுக்குள் முதலில் ஒரு வெதுவெதுப்பாகவும், பிறகு ஒரு நசநசப்பாகவும், பிறகு கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கிய ஒரு சொட்டாகவும் அது வந்தது. வியர்வை என்று நினைத்து முந்தானையால் துடைத்தவள், யாருமே செய்யக் கூடாத, ஆனால் எல்லோருமே செய்கிற காரியமாக, துடைத்த இடத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கொண்டுபோயிருக்க வேண்டாம்.

வடிவு எப்படிப்பட்டவள் என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று விளங்கும். சோடாப் பாட்டிலைக்கூட உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பவள். தபால்தலையைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து ஒட்டுபவள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் விரலை நாக்கில் தொட்டு டிக்கெட் கிழித்தார் என்று சண்டை போட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்தவள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில், மாப்பிள்ளை சாப்பிட்டு எழுந்த இலையில், அவன் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை ஓரத்தில் கிடக்க, மோர் நடுவில் குளம் கட்டி நிற்க, அதே இலையில் அவளுக்குச் சோறு வைத்தார்கள். புருஷன் இலையில் சாப்பிடுவதுதான் புது மருமகளுக்கு அழகு என்றும், அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள் என்றும் பிரியமாகவே சொன்னார்கள். வடிவு இலையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், அவன் பல் குத்திக்கொண்டிருந்தான். கையைக் கழுவிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தவள் அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்பா காலத்துக்குப் பிறகு மில் அவளுக்கு வந்தது. ஊர் அவளை முதுகுக்குப் பின்னால் ‘இலையைத் தள்ளுனவ’ என்று சொல்லிக்கொண்டே அவளிடம் மாவு அரைத்துத் தின்றது.

புத்தகம் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் நூலகத்துப் புத்தகத்தைத் தொட முடியவில்லை. வாசிக்கிற மகராசன்கள் பக்கத்துக்குப் பக்கம் விரலை நாக்கில் தடவிப் புரட்டியதில், கீழ்மூலை எல்லாம் பழுப்பேறி, உப்பிப்போய், ஒரு வாடையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சொந்தமாக வாங்கலாமென்றால் மில்லில் கையெல்லாம் மாவு, கண்ணெல்லாம் மாவு. பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் மீனலோசனி ஒருதரம் வந்தபோது, தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டு மிஷினைக் கொண்டுவந்து, பாட்டுக்குப் பதிலாக முழுமுழு நாவல்களை ஆட்கள் வாசித்துப் பதிந்ததை அதில் ஏற்றி, புது இயர்போனின் உறையைப் பிரித்து அத்தையின் காதில் மாட்டிவிட்டாள். யார் விரலும் படாத, யார் நாக்கும் படாத புத்தகம் கிடைத்துவிட்டது என்று வடிவு பூரித்துப்போனாள். மனுஷப் பிறவி எவ்வளவு பெரிய மக்கு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதில் ஒரு நாவல் அவளைப் பிடித்துக்கொண்டது. அன்னக்கொடி என்று ஒருத்தி, பட்டப்பகலில் ஒரு துணிப்பையோடு புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பி பஸ் ஏறுகிறாள். பஸ் போய்க்கொண்டே இருக்கிறது, அவளுடைய பழைய நாட்கள் ஜன்னலோரத்தில் ஒவ்வொன்றாக வருகின்றன, பின்னால் புருஷன் வீட்டார் ஒரு வேனை எடுத்துக்கொண்டு அவளைத் திருப்பிக் கூட்டிப்போகத் துரத்துகிறார்கள். வாசித்தவள் யாரோ ஒரு நடுவயசுப் பெண். தொண்டையில் லேசான கரகரப்பு, அவசரமே இல்லாத நாக்கு. பக்கத்துக்குப் பக்கம் மூச்சை இழுத்து, எச்சிலை விழுங்கி, மேலே போகும் குரல். வடிவு இந்த ஜென்மத்தில் கேட்ட கதையிலும் பார்த்த சினிமாவிலும் வீட்டை விட்டுப் போன பெண்கள் எல்லோரும், கடைசியில் மழையிலோ கோயில் வாசலிலோ வைத்துத் திரும்பி வந்து, எவன் காலிலாவது விழுந்திருக்கிறார்கள். இந்த ஒருத்தியாவது இறங்காமல் போக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். சும்மா ஆசை இல்லை. தான் அன்றைக்கு நடந்து வந்ததற்கு உலகத்தில் ஒரு துணை உண்டா இல்லையா என்பது அந்தக் கடைசி அத்தியாயத்தில் இருப்பதாக அவளுக்குத் தோன்றிவிட்டது. அதற்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தபோது காது நனைந்தது.

காதில் சீழ் என்று பயந்து டாக்டரிடம் போனாள். அவர் விளக்கை அடித்துப் பார்த்து, காது கழுவிவைத்த கிண்ணம் மாதிரி இருக்கிறதென்றும், ஒழுகுவது இயர்போன்தான் என்றும், அது நல்ல ஆரோக்கியமான மனுஷ எச்சில்தான், கவலைப்பட ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்து வடிவு அதைச் சோதித்துப் பார்த்தாள். குரல் சாதாரணமாக வாசிக்கும்போது முத்து முத்தாகக் கசிந்தது. கோபமான பேச்சு வந்தால் தெறித்தது. அன்னக்கொடியின் கல்யாண விருந்தை, மாங்காய்ப் பச்சடியில் தொடங்கி பால் பாயசம்வரை வரிசையாக வாசிக்கும் அத்தியாயம் வந்தபோது, அந்த அம்மாளுக்கே நாக்கு ஊறிவிட்டதோ என்னவோ, குபுகுபுவென்று கொட்டியது. வடிவு வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்து, இயர்போனை வெந்நீரில் கழுவி, பஞ்சைச் சுற்றி, மறுபடி மாட்டிக்கொண்டாள். அன்னக்கொடி பஸ்ஸில் இருந்தாளே, என்ன செய்வது?

ஊர் இதைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. ஊருக்கு ஆச்சரியப்பட நேரம் இருந்ததில்லை, எதையும் எதற்கு உபயோகிக்கலாம் என்று பார்ப்பதற்கே நேரம் சரியாக இருந்தது. முதலில் பார்த்தவள் புட்டு மாவு திரிக்க வந்த ஆவுடையம்மாள். அவளுடைய நாலு வயசு மகள் செண்பகத்துக்குப் பேச்சு வரவில்லை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித்தண்ணியைத் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள் அந்தப் பக்கத்தில். வைக்கிறவரின் குணமும் வாக்கும் பிள்ளைக்கு வந்துவிடும் என்று ஆள் பார்த்துத் தேர்ந்தெடுத்து வைக்கச் சொல்வார்கள். செண்பகத்துக்கு வைத்தவர் ஊரிலேயே வாய்திறவாத ஒரு மாமா. தப்பு அங்கேதான் நடந்துவிட்டது என்று ஆவுடையம்மாள் அன்றுமுதல் சொல்லிவந்தாள்.

“வடிவக்கா, இது ஒரு வாசிக்கிற அம்மாளோட வாயில ஊறுனதுல்லா? எம்புள்ளைக்கி இதத் தொட்டுச் சேனை வச்சிப் பாக்கட்டுமா?”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த வடிவு, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஆவுடையம்மாள் இயர்போனின் காதுக் குமிழை விரலால் வழித்து மகளின் நாக்கில் தடவினாள். செண்பகம் சப்புக்கொட்டியது, மில்லைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தது, பிறகு திருத்தமான கரகரத்த குரலில், “அம்மா, எனக்குப் பசிக்கிறது, என்றாள் சிறுமி,” என்று சொன்னது.

அவ்வளவுதான். மறுநாள் வரிசையில் அரிசி இருந்தது பாதி, கிண்ணமும் கரண்டியும் இருந்தது பாதி. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவன் வந்தான், பெண் பார்க்கப் போகிறவன் வந்தான், கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டியவன் வந்தான், இன்ஷூரன்ஸ் பிடிக்கிறவன் வாரம் தவறாமல் வந்தான். நக்கிய எல்லோருக்கும் பேச்சு வந்தது, புத்தகப் பேச்சாக வந்தது. மீன் கடையில் நின்று, “மீன்களின் கண்கள் மங்கியிருந்தன, அவன் ஏமாற்றத்துடன் நகர்ந்தான்,” என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிவிட்டு நகர்ந்தான் ஒருவன். புருஷனும் பெண்டாட்டியும் தெருவில் சண்டை போட்டால் வசவுக்குப் பதிலாக, “அவளுடைய உதடுகள் துடித்தன,” “அவன் பற்களைக் கடித்தான்,” என்று மாறிமாறிச் சொல்லிக்கொண்டார்கள், அடியும் விழுந்தது. பஞ்சாயத்து உபதலைவர் பால்வண்ணன் குடிநீர்க் குழாய்க்கு நடந்த கூட்டத்தில் முழங்கிய முழக்கத்தில் வெளியூர்க்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தண்ணீர் வரவில்லை, ஆனால் தண்ணீர் வராததைப் பற்றி அவ்வளவு அழகாக இதுவரை யாரும் பேசியதில்லை என்று ஊர் பெருமைப்பட்டது.

ஒருவராவது அந்தக் கதை என்ன என்று கேட்டார்களா என்றால், இல்லை. இயர்போனை யாரும் காதில் வைக்கவில்லை. அதைத் தலைகீழாக ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் தொங்கவிட்டு, விருந்து அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். எந்த அத்தியாயம் அதிகம் கறக்கும் என்பது ஊருக்கே அத்துப்படியாகிவிட்டது. டம்ளர் நிறைந்ததும் கரண்டி இறங்கும், கரண்டியை நக்குவார்கள், நக்கிய கரண்டி மறுபடி டம்ளருக்குள் போகும். பத்து வாய் பட்ட கரண்டியை முறத்தின் மேல் வைப்பார்கள். மில்லில் பறக்கிற மாவும் சிந்துகிற எச்சிலும் சேர்ந்து பசையாகி நிலைக்கட்டையிலும் தராசிலும் அப்பியது, வெயில் ஏறினால் புளித்தது, ஈ மொய்த்தது, பெல்ட்டில் ஒட்டிய பசை மோட்டார் சுற்றும்போது சளக் சளக்கென்று சத்தம் கொடுத்தது. வடிவு பினாயில் ஊற்றிக் கழுவிக் கழுவி உள்ளங்கைத் தோல் உரிந்தது. ராத்திரிச் சோற்றை விட்டாள். பிறகு காலைக் காப்பியையும் விட்டாள்.

நிறுத்தச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது. அத்தனை வருஷம் இலையைத் தள்ளுனவளாக இருந்தவள், இப்போது வடிவக்கா, வடிவு மைனி, வடிவாச்சி. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பால்வண்ணன் அவளுக்குச் சால்வை போர்த்தினார். போர்த்தும்போது பேசியதில் அவள் கன்னத்தில் இரண்டு துளி தெறித்தது, அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கன்னத்தைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். ராத்திரியும் டம்ளருக்குள்ளேயே ஓடியதால், அன்னக்கொடியின் கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் மிஷின் கிடைக்கவே இல்லை. கூட்டம் குறையட்டும், தை பிறக்கட்டும், பள்ளிக்கூடப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனாள்.

மாசி மாதத்தில் ஒருநாள், பாயசத்துக்கு முந்தி, அப்பளத்திலேயே குரல் அடைத்துக்கொண்டது. காய்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம் மட்டும் வந்தது, பிறகு கரண்டியால் அடிச்சட்டியைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. மிஷினில் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வடிவு கூட்டத்தை விலக்கி மிஷினைப் பிடுங்கிக் கடைசி அத்தியாயத்தைப் போட்டாள். அங்கேயும் அதே வறட்டு மூச்சுதான்.

பெங்களூருக்குப் போன் போட்டு, நாவலைப் புதிதாக ஏற்றி அனுப்ப முடியுமா என்று கேட்டாள். மீனலோசனி தன்னிடமிருந்த பிரதியை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள்.

“எந்த மிஷின்ல போட்டாலும் அந்தம்மாவுக்குத் தொண்ட வத்திப்போய்த்தான் இருக்கு, அத்தை. நீங்க எல்லாரும் அவங்கள என்ன செஞ்சீங்க?”

வடிவு போனை வைத்துவிட்டு முற்றத்துக் குழாயடியில் போய் உட்கார்ந்தாள். யாரோ ஒருத்தி, எங்கோ ஒரு அடைத்த அறையில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களுக்காகத் தொண்டை நோக வாசித்திருக்கிறாள். அவளை ஒரு ஊரே வாய் வைத்து உறிஞ்சி, சக்கையை ஓரத்தில் ஒதுக்கிவிட்டது, அதற்கு மில்லைத் திறந்துவிட்டவள் நான் என்று நினைத்தபோது, எச்சிலைக் கண்டு வந்த அருவருப்பெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆனது.

ஊர் சும்மா இருக்கவில்லை. பால்வண்ணன் பாட்டில் தண்ணீரை இயர்போனில் ஊற்றினார். அது வழிந்து தரைக்குப் போயிற்று. தேன் தடவினார்கள், எறும்பு வந்தது. பனங்கற்கண்டுப் பால் காட்டினார்கள், திரிந்தது. ஒருவன் அதைக் குலுக்கினான், இன்னொருவன் அதற்குத் திருநீறு பூசினான். வடிவு கொஞ்சம் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பி, சாயங்காலத்துக்குள் அது எல்லோருக்கும் தெரிந்த உண்மையாகி, இலையைத் தள்ளுனவள் என்ற பட்டமும் கூடவே திரும்பி வந்தது.

மறுநாள் காலையில் மில்லில் கூட்டம் நெரிந்தது. அரைக்க வந்தவர்கள், நக்க வந்தவர்கள், நியாயம் கேட்க வந்தவர்கள். பால்வண்ணன் முன்னால் நின்று, பழைய சரக்கின் மிச்சத்தில், மக்களின் பொறுமை எல்லை கடந்துவிட்டது என்று ஆரம்பித்தார். வடிவு மோட்டாரை நிறுத்தினாள். பெல்ட் தளர்ந்து ஓய்ந்தது, மாவு மெள்ள அடங்கியது. அடிபம்பு தண்ணீர் இழுக்காவிட்டால் மேலேயிருந்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடிப்பார்களே, அது அவளுக்கு நேற்றே குழாயடியில் தோன்றிவிட்டது. எதை உறிஞ்சினோமோ அதையேதான் ஊற்ற வேண்டும். ராத்திரி முழுக்க வேறு வழி தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

இயர்போனைக் கையில் எடுத்தாள். ஊரார் விரலழுக்கும் தேனும் பாலும் மாவும் காய்ந்து அதன்மேல் ஒரு தோல் படிந்திருந்தது. கழுவினால் என்ன என்று ஒரு கணம் யோசித்தாள். கழுவினால், பால்வண்ணன் ஊற்றிய தண்ணீரைப் போல இந்த ஈரமும் ஒட்டாமல் வழிந்துவிடும் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு அதை வாய்க்குள் போட்டுக்கொண்டாள்.

உவர்ப்பும் புளிப்பும் இரும்பும் சேர்ந்த ஒரு ருசி, அதற்குள் எத்தனையோ பேருடைய வெற்றிலையும் புகையிலையும் பூண்டும். தொண்டை எதிர்த்துக்கொண்டு மேலே வந்தது. அவள் நாக்கால் அதை உருட்டினாள்.

“சீ, என்னக்கா இது,” என்றாள் ஆவுடையம்மாள். “மனுஷ எச்சியப் போயி அதுல வைக்கியளே. நாளைக்கி எம்பிள்ள அத வாயில வைக்காண்டாமா?”

வடிவு அதை இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். பால்வண்ணன் வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு வேட்டியை உயர்த்திக் கட்டி நடந்தார். முந்தாநாள் வரை அடுத்தவன் நக்கிய கரண்டிக்கு முட்டிமோதிய ஜனம், மூக்கைப் பொத்திக்கொண்டு, தூக்குவாளிகளைச் சரசரவென்று எடுத்துக்கொண்டு, இனி இந்த மில்லில் அரைத்த மாவு வீட்டுக்குள் ஆகாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே வெளியேறியது. கொஞ்ச நேரத்தில் மில்லில் வடிவும் ஈக்களும் மட்டும் மிஞ்சினார்கள்.

வாயிலிருந்து எடுத்து, கூழாக நனைந்திருந்ததை, துடைக்காமல் காதில் வைத்தாள். கடைசி அத்தியாயத்தைப் போட்டாள். வெகுநேரம் வறட்டு மூச்சு. பிறகு, காதுக்கு உள்ளேயே, ஒரு மடக்கு விழுங்கும் சத்தம் கேட்டது. விழுங்கப்பட்டது தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. முதுகுத்தண்டு வரை கூசியது. குரல் செருமிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தது.

ஒரு பக்கம் ஓடும், வறண்டுவிடும். எடுத்து வாயில் போட்டு நனைத்துக் கொடுப்பாள், விழுங்கும், அடுத்த பக்கம் ஓடும். பஸ் ஒரு டீக்கடையில் நின்றது. பின்னால் வந்த வேன் குறுக்கே வந்து மறித்தது. புருஷனின் அண்ணன் ஜன்னலோரம் வந்து, வீட்டில் யாருக்கும் உன்மேல் கோபமில்லை, இறங்கி வா என்றார். கொழுந்தன் பையை எடுக்கக் கையை உள்ளே விட்டான். பஸ்ஸில் இருந்த பெண்களும் இறங்கிப் போம்மா என்றார்கள். கண்டக்டர், இறங்குகிறதா வேண்டாமா, நேரமாகிறது என்று அதட்டினார். அன்னக்கொடி எழுந்து நின்றாள். அத்தோடு குரல் வறண்டது.

வடிவு இயர்போனை எடுத்து வாயில் போட்டாள். வாயில் சொட்டு ஈரம் இல்லை. அருவருப்பில் நாக்கு மரக்கட்டையாகிக் கிடந்தது, உதடு வெடித்திருந்தது. உள்ளே யாரோ ஒருத்தி காய்ந்த தொண்டையோடு, அடுத்த வரியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வடிவு கன்னத்தை உறிஞ்சினாள், நாக்கைக் கடித்தாள், உப்பும் மிளகாயும் தொட்ட புளியங்காயை நினைத்தாள், விடாமல் நினைத்தாள், தாடை கூசிக் கண்ணில் நீர் வரும்வரை நினைத்தாள். மெள்ள, நாக்கின் அடியில், கொஞ்சமாக ஊறியது. அதை அவ்வளவையும் கொடுத்தாள்.

குரல் விழுங்கியது. எழுந்து நின்ற அன்னக்கொடி, கொழுந்தனின் கையிலிருந்து பையைப் பிடுங்கி, மேலே கம்பியில் வைத்துவிட்டு, பழையபடி உட்கார்ந்தாள் என்று வாசித்தது. வண்டியை எடுக்கச் சொல்லுங்க என்று அவள் கண்டக்டரிடம் சொன்னாள் என்று வாசித்தது. வடிவுக்கு அடிவயிற்றிலிருந்து ஓங்கரித்துக்கொண்டு வந்தது. அவள் மாவுக் கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, பஸ் கிளம்பிப் போவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.